வாயு மூலையும் வாடைக் காற்றும்

கள்ளக்குறிச்சியிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் புதிதாக வீடு எழுப்ப முனையும் கத்தோலிக்க இல்லத்தார் பலர், மனையில் நூல் பிடிப்பதற்கு முன்னரே நாடிச் செல்லும் மனிதர் ஒருவர் உண்டு. அவர் பொறியாளர் அல்லர், கொத்தனார் அல்லர், பங்குத்தந்தையும் அல்லர். அவர் வாஸ்து பார்ப்பவர். ஈசானிய மூலையில் நீர்த்தொட்டி, அக்னி மூலையில் அடுப்பு, வாயு மூலையில் கழிப்பறை என்று அவர் கோடு கிழித்துக் கொடுத்த பின்னரே கடைக்கால் தோண்டப்படுகிறது. வீடு முடிந்ததும் பங்குத்தந்தை அழைக்கப்படுகிறார். தீர்த்தம் தெளிக்கப்படுகிறது, இயேசுவின் திரு இருதயப் படம் கூடத்தில் நிறுவப்படுகிறது, விருந்தும் நடக்கிறது. எல்லாம் முறைப்படி நிறைவேறிய அவ்வீட்டில் ஒரு கேள்வி மட்டும் எவராலும் கேட்கப்படாமலே போகிறது. ஆடி மாதத்தில் இவ்வீட்டுக்குள் காற்று எந்தப் பக்கமிருந்து நுழையும்? மார்கழியில் எந்தப் பக்கமிருந்து நுழையும்? அடுப்பின் புகை எவ்வழியே வெளியேறும்?

வாயு என்னும் பெயருக்கு வீட்டில் ஒரு மூலை கிடைத்துவிட்டது. வீசும் காற்றுக்கு ஒரு சாளரம் கிடைக்கவில்லை. இந்த முரண்பாட்டை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறோம். காற்றைத் தெய்வமென்று கும்பிடுவதைத் திருச்சபை நமக்கு விலக்கியது. காற்றை அறிவதையும், அதன் போக்கறிந்து வீடமைப்பதையும் அது ஒருநாளும் விலக்கியதில்லை. நம்மவருள் பலரோ இதைத் தலைகீழாக்கிவிட்டனர். விலக்கப்பட்ட தெய்வத்தை மூலை என்னும் பெயரால் பின்வாசல் வழியே அழைத்துக்கொண்டனர். விலக்கப்படாத காற்றை முன்வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டனர்.

இதை விளக்க வாசகரைச் சற்றுத் தொலைவுக்கு அழைத்துச் செல்ல வேண்டியுள்ளது. கத்தோலிக்க இதழில் கிரேக்கரின் பழைய தெய்வங்களுக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கலாம். புதிய ஏற்பாடு எழுதப்பெற்ற மொழி கிரேக்கம். அம்மொழியினர் காற்றுத் தெய்வங்களுக்கு இட்ட பெயர்கள் நம் திருவிவிலியத்துக்குள்ளேயே இருக்கின்றன. அவை அங்கே எப்படி வந்தன, வந்தபோது என்னவாயின என்பதை அறிந்தால் நம் இல்லங்களைப் பற்றிய தெளிவும் பிறக்கும்.

முப்பாட்டனார் என்னும் காற்றுகள்

கிரேக்கரின் பெருந்தெய்வங்களுக்கு மலையுச்சியிலும் நகர நடுவிலும் பெருங்கோயில்கள் இருந்தன. காற்றுத் தெய்வங்களோ சிறு தெய்வங்கள். அவற்றின் ஆட்சி வயலிலும், திராட்சைத் தோட்டத்திலும், மணவறையிலும், தொட்டிலருகிலும் நடந்தது. வடகாற்றுக்குப் போரெயாஸ் என்றும், தென்காற்றுக்கு நோட்டோஸ் என்றும், மேல்காற்றுக்குச் செபிரோஸ் என்றும், தென்கிழக்குக் காற்றுக்கு யூரோஸ் என்றும், தென்மேற்குக் காற்றுக்கு லிப்ஸ் என்றும் பெயர்.

போரெயாஸ் ஏதென்ஸ் மன்னன் எரெக்தியூசின் மகளைக் கவர்ந்து சென்று மணந்தான் என்பது அவர்கள் கதை. ஆகவே அவன் அந்நகரத்தாருக்கு மருமகன் முறை. கி.மு. 480இல் பாரசீகரின் பெருங்கடற்படை வந்தபோது, மருமகனைத் துணைக்கு அழைக்கும்படி குறிவாக்குக் கிடைத்தது என்றும், ஏதென்ஸ் மக்கள் அவ்வாறே வேண்டினர் என்றும், பின்னர் எழுந்த புயலில் பகைவரின் கலங்கள் பல உடைந்தன என்றும் வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்தார். நன்றிக்கடனாக இலிசஸ் ஆற்றங்கரையில் அவனுக்கொரு வழிபாட்டிடம் எழுந்தது. வீசுகிற காற்றை உறவுமுறை சொல்லி அழைத்த மக்கள் அவர்கள்.

இதனினும் வியப்புக்குரிய வேறொரு வழிபாடும் ஏதென்சில் இருந்தது. திரித்தோபத்தோரெஸ் என்று சில தெய்வங்கள். அப்பெயருக்கு ஏறத்தாழ முப்பாட்டனார் என்பதே பொருள். மணம் புரிய இருப்போர் தமக்குப் பிள்ளைப்பேறு வாய்க்க வேண்டுமென்று இவர்களுக்குப் பலியிட்டு வேண்டினர். இவர்கள் யாரென்ற கேள்விக்குப் பழைய எழுத்தாளருள் ஒருவர் தந்த விடை, இவர்கள் காற்றுகள் என்பதாகும். குலத்தின் முன்னோர் காற்றாய் உலவுகின்றனர். அக்காற்றே புதிய உயிரை வீட்டுக்குக் கொண்டுவருகிறது என்பது அவ்விடையில் உறைந்த எண்ணம். உயிருக்கும் மூச்சுக்கும் காற்றுக்கும் உள்ள உறவை உணர்ந்த எந்த மொழியினருக்கும் இவ்வெண்ணம் அயலாகத் தோன்றாது. உயிர்ப்பு என்று மூச்சைச் சொல்லும் தமிழருக்கு அது அறவே அயலன்று.

மெத்தனா என்னும் ஊரில் நிகழ்ந்த சடங்கொன்றைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பயணியான பௌசானியாஸ் குறிப்பிடுகிறார். திராட்சைக் கொடிகள் துளிர்க்கும் பருவத்தில் லிப்ஸ் காற்று வீசினால் தளிர்கள் கருகிப்போகும். அக்காற்று வீசிக்கொண்டிருக்கும்போதே, வெண்சிறகுடைய சேவலொன்றை இரு ஆடவர் இரண்டாகப் பிளந்து, ஆளுக்கொரு பாதியை ஏந்தித் தோட்டத்தை எதிரெதிர்த் திசைகளில் சுற்றி ஓடி வருவர். புறப்பட்ட இடத்தில் இருவரும் சந்தித்ததும் அத்துண்டுகளை அங்கேயே புதைப்பர். தித்தானே என்னும் ஊரிலோ காற்றுகளுக்கென்று ஒரு பலிபீடம் இருந்தது. ஆண்டில் ஓர் இரவு குருவானவன் அங்கே பலியிட்டு, நான்கு குழிகளில் மறைவான சடங்குகளைச் செய்து, காற்றின் சீற்றத்தைத் தணிப்பான்.

எண்கோணக் கோபுரம்

இவற்றைப் படிக்கும் நம் கற்றறிந்த பொதுநிலையினர் எவ்வாறு எதிர்வினை ஆற்றுகின்றனர்? கிரேக்கக் கதைகளென்றால் கல்லூரிப் பாடத்தின் பகுதி. செபிரோஸ் என்றால் கவிதை நயம். அதே மனிதர், தம் சொந்த ஊரின் பாட்டியொருத்தி குழந்தையைக் காற்றுக் கருப்பு அண்டாமல் காக்க வேண்டுமென்று கவலைப்பட்டால் பட்டிக்காட்டு மூடத்தனம் என்று சிரிக்கின்றனர். ஏதென்சின் மணப்பெண் காற்றை வேண்டியது இலக்கியம். கள்ளக்குறிச்சியின் பாட்டி காற்றுக்கு அஞ்சுவது இழிவு. இந்த இரட்டை அளவுகோலில் நேர்மை இல்லை. இரண்டுக்கும் வேர் ஒன்றே. தன் வீட்டின் பிழைப்பும் பிள்ளையின் மூச்சும் தன் கைக்கு அடங்காத ஒன்றைச் சார்ந்திருக்கின்றன என்று கண்ட மனிதரின் நடுக்கமே அவ்வேர்.

அந்த நடுக்கத்தோடு அறிவும் கலந்திருந்தது. மெத்தனாவின் உழவன் சேவலைப் பிளந்தது வீண். ஆனால் எந்தக் காற்று, எந்தத் திசையிலிருந்து, எந்தப் பருவத்தில், எந்தத் தளிரைக் கருக்கும் என்று அவன் துல்லியமாக அறிந்திருந்தான். சடங்கைத் தள்ளினாலும் அவ்வறிவைத் தள்ளுவதற்குக் காரணமே இல்லை.

அறிவு சடங்கை விட்டுப் பிரிந்து தனியே நிற்கத் தொடங்கியதற்கு ஏதென்சில் ஒரு சான்று இன்றும் நிற்கிறது. சிரஸ் நகரத்து ஆண்ட்ரோனிக்கஸ் அமைத்த எண்கோணப் பளிங்குக் கோபுரம் அது. எட்டுப் பக்கங்களின் மேற்பகுதியில் எட்டுக் காற்றுகளின் புடைப்புச் சிற்பங்கள் உள்ளன. நோட்டோஸ் குடத்து நீரைக் கவிழ்க்கிறான்; செபிரோஸ் மலர் ஏந்தி வருகிறான்; அபெலியோட்டிஸ் என்னும் கீழ்காற்று கனிகளைச் சுமந்து வருகிறது. உச்சியில் காற்று வீசும் திசையைச் சுட்டும் வெண்கல உருவமும், சுவர்களில் நிழற்கடிகாரங்களும், உள்ளே நீர்க்கடிகாரமும் இருந்தன. சந்தைக்கு வரும் ஒருவர் அண்ணாந்து பார்த்து இன்று எக்காற்று என்று அறிந்து வீடு திரும்பலாம். ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் இக்கோபுரத்தைப் பற்றிச் சொல்லும் அதே அதிகாரத்தில், கடுங்காற்று தாக்காதவாறு நகரத் தெருக்களை எப்படி அமைப்பதென்றும் கற்பிக்கிறார். தெய்வமாய் இருந்த காற்று, வீடும் தெருவும் அமைப்போர் கற்க வேண்டிய பாடமாயிற்று. கிறிஸ்தவக் காலத்தில் அக்கோபுரம் கிறிஸ்தவ வழிபாட்டுக்குப் பயன்பட்டது. அந்த எட்டு உருவங்களோ அழியாமல் இன்றும் உள்ளன.

லூக்கா காட்டும் வழி

இனித் திருத்தூதர் பணிகள் நூலின் 27ஆம் அதிகாரத்துக்கு வருவோம். பவுலடியார் கைதியாக ரோமுக்குக் கொண்டுசெல்லப்படுகிறார். கப்பல் கிரேத்துத் தீவை ஒட்டிச் செல்கிறது. அங்குள்ள துறைமுகம் ஒன்று எத்திசை நோக்கியது என்று சொல்ல வரும் லூக்கா, லிப்ஸ் என்னும் காற்றின் பெயரால் தென்மேற்கைக் குறிக்கிறார். மெத்தனாவில் சேவலைப் பலி வாங்கிய அதே லிப்ஸ்! மென்மையாக வீசிய தென்காற்றை நோட்டோஸ் என்றே எழுதுகிறார். குடம் கவிழ்க்கும் அதே நோட்டோஸ்! பின்னர் தீவிலிருந்து பாய்ந்த வடகீழ்க் கடுங்காற்றின் பெயரில் யூரோஸ் ஒளிந்திருக்கிறான். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் யூரோக்கிலிதோன் என்று படித்து நம் பாட்டன்மார் வியந்தது இக்காற்றையே.

பெயர்கள் அனைத்தும் இருக்கின்றன. தெய்வங்கள் ஒன்றுகூட இல்லை. லூக்கா அப்பெயர்களைக் கண்டு அஞ்சவில்லை. அவற்றைச் சபிக்கவும் இல்லை. அவற்றுக்குப் பதிலாகப் புனிதமான வேறு பெயர்களைத் தேடவும் இல்லை. பிழைத்த பின் பவுலடியார் ஏறிய அடுத்த கப்பல் இரட்டைத் தெய்வங்களின் சின்னம் தாங்கியது என்பதைக்கூட அவர் பதற்றமின்றிக் குறித்துச் செல்கிறார்.

இதைவிட முக்கியமானது அந்த நிகழ்ச்சியின் உள்ளடக்கம். நோன்பு நாள் கடந்துவிட்டது; கடற்பயணத்துக்குரிய பருவம் முடிந்துவிட்டது; இனிப் புறப்படுவது ஆபத்து என்று எச்சரித்தவர் பவுலடியார். நூற்றுவர் தலைவனோ மாலுமியையும் கப்பல் உரிமையாளனையும் நம்பினான். தென்காற்று இதமாய் வீசவே, எண்ணியது கைகூடிற்று என்று நங்கூரம் தூக்கினர். அதன் பின்னரே புயல் வந்தது. கப்பலில் இருந்த 276 பேரும் இறுதியில் கரை சேர்ந்தனர். அதுவும் எப்படி? முன்பாயை உயர்த்திக் காற்று வீசும் திசையில் கரையை நோக்கிச் செலுத்தியதால். இறைவன் மீது முழு நம்பிக்கை வைத்திருந்த திருத்தூதர், பருவத்தையும் காற்றையும் கணக்கில் கொண்டே பேசினார். செபித்தால் போதும், காற்றைப் பற்றிய அறிவு எதற்கு என்று வாதாடும் நம்மவர் இவ்வதிகாரத்தை ஒருமுறை அமர்ந்து படிக்க வேண்டும்.

திருவிவிலியம் முழுவதும் இதே நெறிதான். சாலமோனின் ஞான நூல் காற்றைக் கடவுளென்று கருதியவர்களின் அறியாமையைக் கடிந்துகொள்கிறது. எலியாவின் முன் பாறைகளை உடைத்த பெருங்காற்றில் ஆண்டவர் இல்லை. ஆயினும் தீச்சூளையில் நின்ற மூன்று இளைஞரின் புகழ்ப்பாடலில் காற்றுகளும் ஆண்டவரைப் போற்ற அழைக்கப்படுகின்றன. அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் காற்றைச் சகோதரன் என்றார். அரியணையிலிருந்து இறக்கப்பட்ட காற்று, வீட்டிலிருந்து துரத்தப்படவில்லை. உடன்பிறப்பாய் உள்ளே அழைக்கப்பட்டது.

கல்வராயன் அடிவாரத்துக் காற்று

நம் மண்ணுக்குத் திரும்புவோம். கீழைக் காற்றுக்குக் கொண்டல், தென்காற்றுக்குத் தென்றல், மேல்காற்றுக்குக் கோடை, வடகாற்றுக்கு வாடை என்று நான்கு பெயர்களைத் தமிழ் நமக்குத் தந்தது. 2019இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியின் மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியாகக் கல்வராயன் மலை நிற்கிறது. கோமுகியும் மணிமுத்தாவும் அங்கிருந்து இறங்கி வருகின்றன. ஆனி பிறந்தால் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வறண்ட காற்று புறப்பட்டுச் சமவெளியில் புழுதியை வாரி இறைக்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை இவ்வட்டாரத்து ஓலைக் கூரைகள் நன்கறியும். கச்சிராயபாளையத்துக் கரும்புத் தோட்டங்களில் சாயும் கரும்பைச் சேர்த்துக் கட்டும் உழவர் அறிவர். ஐப்பசியில் காற்று திசை மாறி வடகிழக்கிலிருந்து மழையைக் கொண்டுவரும். தை வரை அப்பக்கத்து ஈரமும் குளிரும் நிற்கும். பங்குனியில் தென்றல் தலைகாட்டும்.

மலைமேல் வாழும் மக்கள், கேரளத்தாரினும் வேறான, மலையாளி என்றே பெயர் பெற்ற பழங்குடியினர். 1976 வரை ஜாகீர்தார்களின் கீழ் இருந்த அம்மலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைகின்றன. களத்தில் முறத்தை உயர்த்தும் பெண்ணுக்குக் காற்று எப்பக்கமென்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பதர் பறக்கும் திசையில் அவள் ஒருபோதும் நிற்பதில்லை. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது நமக்குப் பழமொழி. அவளுக்கு அன்றாடத் தொழில்.

வாஸ்துவே நம் பழந்தமிழர் அறிவு என்று முழங்குவோருக்கு ஒன்று சொல்வோம். பத்துப்பாட்டில் நெடுநல்வாடை என்றொரு நூல் உண்டு. அதில் அரண்மனைக்கு மனை வகுக்கும் கட்டடக் கலைஞர் நூலிட்டு அளக்கின்றனர், திசைகளைக் குறிக்கின்றனர், அத்திசைகளுக்குரிய தெய்வங்களையும் நோக்குகின்றனர். உண்மைதான். ஆனால் அதே நூலில், வேனிற்காலத்துப் படுக்கையறையில் தென்றல் நுழைவதற்கென்றே அமைந்த சாளரங்களும் பேசப்படுகின்றன. வாடை வீசும் கூதிர்க்காலத்தில் அவை திண்ணிய கதவுகளால் தாழிடப்படுகின்றன. விசிறிகள் பயனின்றித் தொங்குகின்றன. மக்கள் கனலை நாடுகின்றனர். தெய்வத்தை நோக்கியவர்கள் தென்றலையும் நோக்கினர். எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்று அறிந்திருந்தனர். இன்றைய வாஸ்துவோ மூலைகளை மட்டும் வைத்துக்கொண்டு சாளரத்தை மறந்துவிட்டது. இதைப் பழந்தமிழர் அறிவு என்பது அப்பழந்தமிழருக்கே இழைக்கும் அநீதி.

வாஸ்து வாயுவுக்கு ஒதுக்கிய மூலை வடமேற்கு. நம் நிலத்தின் பெருங்காற்றுகள் வருவதோ மேற்கு, தென்மேற்கு, வடகிழக்குத் திசைகளிலிருந்து! காற்றின் பெயர் ஒரு மூலையில், காற்று வேறொரு பக்கத்தில். அப்பெயரைக் காப்பதற்காக வாசலையும் அடுப்பையும் இடித்துக் கட்டுவோர் உள்ளனர். மகளின் திருமணம் தள்ளிப்போவதற்கும் மகன் தேர்வில் தவறுவதற்கும் மூலையே காரணம் என்று நம்புவோரும் உள்ளனர். மூடநம்பிக்கை முதல் கட்டளைக்கு எதிரானது என்று திருச்சபையின் மறைக்கல்வி கற்பிக்கிறது. வெள்ளைச் சேவலைப் பிளந்த மெத்தனா உழவனுக்காவது காற்றின் திசை தெரிந்திருந்தது.

புகையும் பச்சை உடம்பும்

இது வெறும் கருத்துப் போராட்டமன்று. வீட்டுக்குள் காற்று நுழையாமல் போனால் முதலில் துன்புறுவோர் பெண்களும் பச்சிளங்குழந்தைகளுமே.

விறகும் சாணமும் நிலக்கரியும் எரியும் அடுப்புகளால் வீட்டினுள் எழும் புகையினால் 2020இல் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என்றும், அவர்களுள் 2,37,000க்கும் மேற்பட்டோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டுள்ளது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணனும் அவருடன் பணியாற்றுவோரும் தமிழகத்து வீடுகளின் சமையல் புகையைப் பல ஆண்டுகளாக அளந்து ஆராய்ந்துள்ளனர். கருவுற்ற தாய் சுவாசிக்கும் காற்றில் நுண்துகள் மிகும்போது பிறக்கும் குழந்தையின் எடை குறைகிறது என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று கிடைத்துள்ளது. பிள்ளைப்பேறு வேண்டிக் காற்றுகளைத் தொழுத ஏதென்சின் மணமக்களை இங்கே நினைத்துப் பாருங்கள். அவர்களுடைய வழிபாடு பொய். ஆனால் வீட்டில் உலவும் காற்றுக்கும் அவ்வீட்டில் பிறக்கும் பிள்ளைக்கும் தொடர்புண்டு என்று அவர்கள் உணர்ந்தது பொய்யன்று.

2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் எரிவாயு உருளையை ஏழை இல்லங்களுக்குக் கொண்டுவந்தது, பாராட்டுவோம். எனினும் உருளையின் விலையும், அதை மலைமேல் கொண்டுசேர்க்கும் தொலைவும் ஏழைப் பெண்ணை மறுபடியும் விறகிடமே அனுப்பிவிடுகின்றன. பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டத்தில் வீட்டின் குறைந்தபட்சப் பரப்பு சமையலிடம் உட்பட 25 சதுர மீட்டர். அத்துணைச் சிறிய வீட்டில் ஒரு சாளரம் தவறான பக்கத்தில் அமைந்துவிட்டால் குடும்பம் முழுவதும் புகையில் உறங்கும். ஓலைக் கூரையின் இடுக்குகள் வழியே கசிந்து வெளியேறிய புகைக்குக் கான்கிரீட்டுக் கூரை வழிவிடுவதில்லை.

மகப்பேறு முடிந்த வீட்டைப் பாருங்கள். பச்சை உடம்புக்குக் காற்று ஆகாது என்று காதில் பஞ்சடைத்து, தலையில் துணி சுற்றி, கதவு சன்னல் அனைத்தையும் சாத்திவிடுகின்றனர். குளித்த குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை வேறு. பிறந்த குழந்தையைக் குளிர்காற்றிலிருந்து காப்பது தேவையே. அதை எந்த மருத்துவரும் மறுக்கமாட்டார். ஆனால் குளிரை அடைப்பது ஒன்று, புகையோடு சேர்த்துப் பூட்டுவது வேறு. காற்றுக் கருப்பு என்னும் அச்சத்தில் கருப்பு எதுவென்று கேட்டால் அடுப்பங்கரைச் சுவரைத்தான் சுட்டிக்காட்ட வேண்டும். அங்கே படிந்திருக்கும் கரி, அந்தத் தாயின் நுரையீரலிலும் படிகிறது. உலகின் காசநோயாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வாழும் நாடு நமது. அந்நோய் மூடிய அறையில் எளிதாய்ப் பரவுவது. இந்நாட்டில் காற்றை அடைப்பது பெருங்கேடு.

மறுப்புகளுக்கு விடை

மின்விசிறி இருக்கிறதே என்பர். மின்விசிறி உள்ளிருக்கும் காற்றையே சுழற்றுகிறது. புகையையும் நோய்க்கிருமியையும் வெளியேற்றுவதில்லை. வீடுகளில் பொதுவாகப் பொருத்தப்படும் குளிர்சாதனமும் மூடிய அறையின் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. 2020இல் கொரோனாப் பெருந்தொற்று பரவியபோது சாளரங்களைத் திறந்து வையுங்கள் என்று மருத்துவர்கள் மன்றாடினர். தொற்று தணிந்ததும் சாளரங்கள் மறுபடியும் சாத்தப்பட்டன.

வாஸ்துவிலும் அறிவியல் உண்டு, தென்கிழக்கில் அடுப்பு வைத்தால் மேல்காற்று புகையை வெளியே தள்ளிவிடும் என்பர். ஆடிக்கு அது பொருந்தும். ஆனால் ஐப்பசி முதல் தை வரை வடகிழக்கிலிருந்து காற்று வரும்போது அதே அடுப்பின் புகை வீட்டுக்குள்ளேயே திரும்பும். ஆண்டுக்கு இரு பெருங்காற்றுகள் உள்ள நாட்டில் ஒரே காற்றை அறிந்த விதியை வேதமாகக் கொள்ளலாமா? எதிரே ஒரு மாடிவீடு எழுந்தால் காற்றின் போக்கே மாறிவிடும், மூலையோ மாறாது. அறிவியலே நோக்கமென்றால் காற்றையே நேரில் கேட்கலாம். ஒரு நூலை உயர்த்திப் பிடித்தாலே அது விடை சொல்லும். அதற்குக் கட்டணமும் இல்லை.

மாற்றுச் சமயத்தாரின் நம்பிக்கையை இகழ்கிறோமா என்றும் சிலர் கேட்கலாம். இல்லை. பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. வாயுவை உளமாரத் தொழும் இந்துச் சகோதரர் தம் நம்பிக்கைக்கு உண்மையாய் இருக்கிறார். நம் கண்டனம் அவர்மீது அன்று. திரு இருதயத்தைக் கூடத்தில் நிறுவிவிட்டு, மூலைக்கு அஞ்சி வாழும் கத்தோலிக்கர் மீதே நம் கண்டனம். அவரிடம் வாயுவின் மீது பக்தியும் இல்லை. காற்றைப் பற்றிய அறிவும் இல்லை. படைத்தவர் மீது நம்பிக்கையும் இல்லை. மிஞ்சியிருப்பது அச்சம் ஒன்றே.

செய்ய வேண்டுவன

குறைகூறி நிறுத்துதல் நம் நோக்கமன்று. வீடு மந்திரிக்க வரும் பங்குத்தந்தையர் தீர்த்தம் தெளித்துக்கொண்டே அடுப்பங்கரையையும் எட்டிப் பார்க்கட்டும். புகை போக வழி உண்டா என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். வீட்டுக்கு ஆசி வழங்குவோர் அவ்வீட்டின் மூச்சைப் பற்றிக் கேட்பதில் தவறேதுமில்லை. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலே சமையல் அடுப்பின் புகையால் மக்கள் நோயுறுவதை எடுத்துக் கூறுகிறது.

ஏழைகளுக்கு வீடு கட்டித் தரும் புனித வின்சென்ட் தே பவுல் சபையினரும் பிற பக்த சபையினரும், கல்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் பணிசெய்யும் துறவியரும், எதிரெதிர்ச் சுவர்களில் சாளரமும் அடுப்பின் மேல் புகைபோக்கியும் இல்லாத வீட்டுக்கு அடிக்கல் நாட்டுவதில்லை என்று உறுதி பூணட்டும். சாளரத்தை எங்கு வைப்பதென்று அவ்வூர்ப் பெண்களைக் கேட்கட்டும். களத்தில் தூற்றியவர்களுக்குத் தெரியாததா?

மறைக்கல்வி வகுப்பில் திருத்தூதர் பணிகள் 27ஆம் அதிகாரம் நடத்தப்படும்போது, ஆசிரியர் பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று கொண்டல் எது, கோடை எது, வாடை எது, தென்றல் எது என்று நிறுத்திக் காட்டட்டும். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 1732இல் நமக்கொரு சதுரகராதி தொகுத்துத் தந்தார். தமிழ்ச் சொல் ஒவ்வொன்றையும் பொன்னெனச் சேர்த்தார் அக்குருவானவர். அவர் சேர்த்த மொழியில் பிறந்த பிள்ளைகளுக்கு நான்கு காற்றின் பெயர் தெரியாமலிருப்பது நமக்குப் பெருமையன்று.

பூட்டிய கதவுகளுக்குள் அஞ்சியிருந்த சீடர்களைப் பற்றி யோவான் எழுதுகிறார். பெந்தெகொஸ்து நாளிலோ பெருங்காற்று வீசுவது போன்ற இரைச்சல் எழுந்து அவர்கள் அமர்ந்திருந்த வீடு முழுவதையும் நிரப்பிற்று என்று லூக்கா எழுதுகிறார். அது வீட்டின் எந்த மூலைக்கும் தனியே வரவில்லை. வீடு முழுவதும் நிறைந்தது. அன்பு வாசகரே, இன்று மாலை உங்கள் இல்லத்தின் சாளரங்களைத் திறந்து, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று பாருங்கள். அடுப்பங்கரையில் உங்கள் தாயோ மனைவியோ இருமிக்கொண்டிருந்தால், அடுத்த ஆடி வரை காத்திராமல் அச்சுவரில் ஒரு வழி திறந்துவிடுங்கள்.